ஸ்பீக்கர் பிராசஸரை முதன்முதலாக செட் செய்வது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் தொடங்குகிறவர்கள் முதலில் பாக்ஸ் வாங்குவார்கள், அடுத்து ஆம்ப், அப்புறம் மிக்சர். மிக்சரிலிருந்து வரும் சிக்னலைப் பிரித்து, அளவுபடுத்தி ஆம்ப்களுக்கு அனுப்பும் பிராசஸர் கடைசியாகத்தான் ரேக்கில் ஏறும். ஏறிய அன்றே தெரிந்த ஒருவரின் செட்டிங்கை போட்டோ எடுத்து வந்து, எண் மாறாமல் அப்படியே போட்டுவிடுவார்கள். அவருடைய ஆம்ப் வேறு, ஸ்பீக்கர் வேறு. அடுத்த முகூர்த்தத்துக்குள் இரண்டு டயாஃப்ரம் (ஹார்ன் டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) போய்விடும். பழி பிராசஸர் மேல் விழும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிராசஸருக்குள் இரண்டு வகை செட்டிங் இருக்கிறது. கிராஸ்ஓவர் (எந்த ஸ்பீக்கருக்கு எந்த அதிர்வெண் என்று பிரிப்பது), ஒவ்வொரு அவுட்புட்டின் கெயின் (சிக்னலை ஏற்றி இறக்கும் அளவு), லிமிட்டர் (ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது) ஆகியவை பாக்ஸுக்கும் ஆம்புக்கும் உரியவை. கொட்டகையில் உட்கார்ந்து ஒருமுறை செய்து பூட்டிவிட வேண்டியவை. சப்புக்கும் (பேஸ் பாக்ஸ்) டாப்புக்கும் (மற்ற ஒலிக்கான பாக்ஸ்) இடையிலான டிலே, அதாவது ஒலியைத் தாமதப்படுத்துவது, தூரத்து ஸ்பீக்கர்களின் டிலே, இன்புட் ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்குவது) ஆகியவை இடத்துக்கு உரியவை. பந்தலுக்குப் பந்தல் மாறும். முதல் வகையைத் திருவிழாவில், பந்தல்காரர் அவசரப்படுத்தும்போது தொடக்கூடாது.

கையில் வேண்டியவை: 2 இன்புட், 6 அவுட்புட் உள்ள ஒரு பிராசஸர் (டிபிஎக்ஸ் டிரைவ்ரேக் பிஏ2 இந்த அமைப்புதான். பெரிங்கர் டிசிஎக்ஸ்2496 என்றால் இன்புட் 3), ஏசி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், 30 மீட்டர் டேப், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, நான்கு நிற இன்சுலேஷன் டேப், சைன் டோனும் (ஒரே அதிர்வெண் ஒலி) பிங்க் நாய்ஸும் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) தரும் ஒரு போன். ஸ்பீக்கர், ஆம்ப் இரண்டின் டேட்டா ஷீட்டும் வேண்டும். ஷீட் கிடைக்காத ஸ்பீக்கருக்கு, காந்தத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் பெரிய வாட் எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பீக் வாட். தொடர் வாட், அதாவது ஆர்எம்எஸ், அதில் கால் பங்குகூட இருக்கலாம்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஓர் உதாரண செட்: பக்கத்துக்கு ஒரு டபுள் 18 இன்ச் சப் (8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 600 வாட், சேர்த்து 4 ஓம்), ஒரு டாப் (15 இன்ச் 500 வாட் 8 ஓம், ஹார்ன் டிரைவர் 80 வாட் 8 ஓம், இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்).

முதல் படி, கரண்ட்.

ஆம்ப் தாங்கிக்கொள்ளும் பல விஷயங்களை பிராசஸர் தாங்காது. கல்யாணத்துக்கு வரும் ஜெனரேட்டரில் நியூட்ரல் லூசாக இருந்தால் ஒரு ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 300, 350 என்று ஏறும். பவர் சப்ளை அந்த நொடியே காலி. எதையும் சொருகுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 240 வரை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள். சீரியல் செட், கிரைண்டர் எல்லாம் போட்டபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். லூசான நியூட்ரல் லோடு ஏறும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

மிக்சருக்கும் பிராசஸருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். ஈபி போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் பிராசஸர் அணைந்து எழும். எழும்போது சில மாடல்கள் ‘டொம்’ என்று ஒரு அடி விடும், அதை ஆம்ப் ஆயிரம் வாட்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். போடும்போது மிக்சர், பிராசஸர், கடைசியில் ஆம்ப். நிறுத்தும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசை தெரியாத உதவியாளர் ரேக் பக்கம் போகக்கூடாது.

இரண்டாம் படி, எது எங்கே போகிறது.

அவுட்புட் 1, 2 சப்; 3, 4 மிட் (15 இன்ச்); 5, 6 ஹை (ஹார்ன்). கேபிளின் இரு முனையிலும் ஒரே நிற டேப்: சப் கறுப்பு, மிட் நீலம், ஹை சிவப்பு. நிறம் எதுவானாலும் சரி, எல்லா ரேக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சப் லைன் மாறி ஹார்னுக்குப் போனால் தவிலின் முதல் அடியே போதும், டைட்டானியம் டயாஃப்ரம் விரிசல் விட.

அதற்கும் ஒரு காப்பு உண்டு. ஹார்ன் டிரைவரின் பிளஸ் ஒயரில் 33 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் பாலிப்ரொப்பிலின் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 8 ஓமுக்கு அது சுமார் 600 ஹெர்ட்ஸில் வெட்டும். 1400 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு வெகு கீழே என்பதால் சத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. ஆம்ப் பழுதாகி டிசி வந்தாலும் டிரைவர் தப்பிக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இதற்கு ஆகாது.

ஸ்டீரியோவா மோனோவா என்று கேட்டால், டெல்டா பந்தல்களுக்கு மோனோதான் எங்கள் பரிந்துரை. பந்தல் அகலம், ஜனம் ஓரங்களில் உட்காருகிறது, இடது பாக்ஸை மட்டும் கேட்பவர்களே பாதிப் பேர். மோனோவாக வைத்தால் ஒரு இன்புட் மிச்சமாகும். அந்த இன்புட்டுக்கு மிக்சரின் ஆக்ஸிலிருந்து (வேண்டிய சேனல்களை மட்டும் அனுப்பும் தனி அவுட்புட்) கொடுத்து, அதை சப்புக்கு மட்டும் அனுப்புங்கள். பாடகர் மைக், வயலின் மைக் எதுவும் சப்புக்குப் போகாது. மிருதங்கத்தின் தொப்பி, தவில், கீபோர்டு, டிராக் மட்டும் போகும். கச்சேரி மேடையில் காற்றும் கால் தட்டும் சப்பில் உறுமுவது இதனாலேயே பாதி நின்றுவிடும்.

மூன்றாம் படி, கிராஸ்ஓவர்.

உதாரண செட்டுக்கு: சப் 35 முதல் 90 ஹெர்ட்ஸ், மிட் 90 முதல் 1400, ஹை 1400க்கு மேல். சந்திப்புகள் எல்லாம் லிங்க்விட்ஸ்–ரைலி என்ற வெட்டு வடிவம், ஆக்டேவுக்கு 24 டெசிபெல். 1976இல் சிக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய வடிவம் இது. இரு பக்கமும் சந்திப்பில் 6 டெசிபெல் இறங்கியிருக்கும், இரண்டும் ஒரே ஃபேஸில் சேர்வதால் கூட்டினால் மட்டம். ஒரு பக்கம் லிங்க்விட்ஸ், மறுபக்கம் பட்டர்வொர்த் என்று கலந்து வைத்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ விழும், பிறகு அதை ஈக்யூவில் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

சப்பின் கீழ் வெட்டான அந்த 35 ஹெர்ட்ஸை ‘பேஸ் குறையும்’ என்று எடுத்துவிடுவார்கள். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸில், அந்தத் துளை ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த காற்று இருக்காது. கோன் தாறுமாறாக ஓடும், வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) பின் தகட்டில் இடிக்கும். காதுக்கு அங்கே ஒன்றும் கேட்காது. கேட்காத ஒன்றுக்காக ஸ்பீக்கரைக் கொல்ல வேண்டுமா?

ஹார்னின் கீழ் எல்லையை டிரைவர் ஷீட்டில் பாருங்கள். ‘குறைந்தபட்ச கிராஸ்ஓவர் 1200’ என்று இருந்தால் 1400 வைக்கலாம், 1000 வைக்கக்கூடாது.

நான்காம் படி, கெயின்.

15 இன்ச் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரே அளவு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்பது) 98 டெசிபெல் என்றால் ஹார்னுடையது 107, 108 இருக்கும். ஆகவே ஹை அவுட்புட்டை 9, 10 டெசிபெல் இறக்கித் தொடங்குங்கள். பிங்க் நாய்ஸ் கொடுத்து, பிறகு பழகிய பேச்சுக் குரல் ஒன்றைக் கேட்டு ஓரிரு டெசிபெல் திருத்திக்கொள்ளலாம். ஆம்ப் நாப்கள் எல்லாம் முழுதாகத் திறந்தே இருக்கட்டும், மேலே டேப் ஒட்டிவிடுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது.

ஐந்தாம் படி, லிமிட்டர். இந்தப் பெட்டி தன் விலையைத் திருப்பித் தருவது இங்கேதான், புதியவர்கள் தவறவிடுவதும் இங்கேதான்.

லிமிட்டருக்கு வாட் தெரியாது, வோல்ட்தான் தெரியும். ஸ்பீக்கர் தாங்கும் வோல்ட்டைக் கண்டுபிடிக்க, வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 500 × 8 = 4000, அதன் மூலம் 63.2 வோல்ட். இது ஆம்பின் வெளியே. உள்ளே எவ்வளவு வந்தால் வெளியே 63.2 ஆகும்? ஆம்பின் கெயின் 32 டெசிபெல் என்றால் 40 மடங்கு. 63.2 ÷ 40 = 1.58 வோல்ட். 0.775 வோல்ட்தான் 0 டிபியூ, அந்தக் கணக்கில் 1.58 வோல்ட் என்பது +6.2 டிபியூ. மிட் லிமிட்டரின் த்ரெஷோல்டு, அதாவது அது தடுக்கத் தொடங்கும் அளவு, அதுதான்.

சப்புக்கு: 1200 வாட், 4 ஓம், 69.3 வோல்ட், +7 டிபியூ. ஹார்னுக்கு: 80 வாட், 8 ஓம், 25.3 வோல்ட், −1.8 டிபியூ. ஆம்ப் 26 டெசிபெல் (20 மடங்கு) ரகமாக இருந்தால் எல்லா எண்ணிலும் 6 கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தவர் செட்டிங்கை நகலெடுத்தால் ஏன் காயில் எரிகிறது என்பதற்கு இந்த 6 டெசிபெல் ஒன்றே போதும். 26 டெசிபெல் ஆம்புக்கு எழுதிய எண்ணை 32 டெசிபெல் ஆம்பில் போட்டால் ஸ்பீக்கருக்கு நான்கு மடங்கு வாட் போகும்.

ஆம்பின் கெயின் ஷீட்டில் இல்லையென்றால் அளந்துவிடலாம். ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள், இதை மறக்கவே கூடாது. மிக்சரிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோனை நேராக ஆம்புக்குக் கொடுத்து, உள்ளே 0.5 வோல்ட் வரும்படி வையுங்கள் (எக்ஸ்எல்ஆரில் 2, 3 பின்களுக்கு நடுவே அளப்பது). வெளியே 20 வோல்ட் காட்டினால் 40 மடங்கு. டோனை 100 ஹெர்ட்ஸிலேயே வைப்பதற்குக் காரணம், மலிவான மல்டிமீட்டர்கள் கிலோஹெர்ட்ஸில் பொய் சொல்லும். பெரிய ஆம்பின் அவுட்புட் டெர்மினலில் ஷாக் அடிக்கும் அளவுக்கு வோல்ட் வரும், வெறுங்கையை வைக்க வேண்டாம்.

நாப் விஷயம் இப்போது புரியும். ஆம்ப் நாப் பாதியில் இருக்கும்போது கணக்குப் போட்டு வைத்து, நடுவில் யாராவது முழுதாகத் திருப்பினால் லிமிட்டர் இருந்தும் இல்லாததுதான்.

அட்டாக் நேரம், அதாவது லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம், அந்தந்த அவுட்புட்டின் கீழ் எல்லையைப் பொறுத்தது. சப்புக்கு 16 மில்லிசெகண்ட், மிட்டுக்கு 8, ஹைக்கு 0.5. ரிலீஸ், அதாவது பிடித்ததை விட எடுக்கும் நேரம், அதைப் போல் 16 மடங்கு: 256, 128, 8. சப்பில் அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் லிமிட்டர் அலையின் வடிவத்தையே வெட்டி, சத்தம் கரகரக்கும். விலை கூடிய மாடல்களில் பீக் லிமிட்டரும் ஆர்எம்எஸ் லிமிட்டரும் தனித்தனி. ஆர்எம்எஸ்ஸை மேலே போட்ட எண்ணிலும், பீக்கை அதற்கு 6 டெசிபெல் மேலும் வைக்கலாம். ஒரே லிமிட்டர்தான் உண்டு என்றால் தொடர் வாட் எண்ணிலேயே நிறுத்துங்கள். தவிலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். காயில் பிழைக்கும்.

லிமிட்டர் சரியாக இருந்தும் ஹார்ன் எரிவதுண்டு. கடைமடை ஊர்களில் மாலையில் மோட்டார்கள் ஓடும் நேரம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பின் உச்சமும் அதே விகிதத்தில் இறங்கும். வாட் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிமிட்டர் தொடுவதற்கு முன்பே ஆம்ப் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும். கிளிப் விளக்கு நின்று எரிந்தால் லிமிட்டரை 2 டெசிபெல் இறக்குங்கள், சத்தத்தை ஏற்றாதீர்கள். இன்னொரு வழி, மிக்சரிலேயே கிளிப் ஆகி வருவது. சிதைந்த சிக்னலைக் குறைத்துக் கொடுத்தாலும் சிதைந்ததுதான்.

ஆறாம் படி, பூட்டு. இதுவரை செய்ததை ஒரு பிரீசெட்டாகச் சேமித்து, பாஸ்வேர்டு போட்டு, எண்களை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பெட்டி செத்தால் வாடகைக்கு வரும் பெட்டியில் பத்து நிமிடத்தில் ஏற்றலாம்.

இனி பந்தலில்.

எல்லா அவுட்புட்டையும் மியூட் செய்துவிட்டு ஆம்பைப் போடுங்கள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்து ஒவ்வொன்றாகத் திறங்கள்: சப், மிட், ஹை. எது எதில் கேட்கிறது என்று பாக்ஸ் அருகில் போய்க் கேட்பது ஒரு நிமிட வேலை. போலாரிட்டி (பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறதா என்பது) சந்தேகமானால், ஆம்பிலிருந்து கழற்றிய கேபிளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸுக்குப் பிளஸ் என்றால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு சப்பில் ஒன்று உள்ளே போனால் பேஸ் மேடைக்கு நேர் நடுவில் காணாமல் போயிருக்கும். ‘சப் வேலை செய்யுது, ஆனா அடி இல்லை’ என்ற புகாரில் பெரும்பாலானவை இதுதான்.

அடுத்து சப்–டாப் டிலே. முதலில் டேப்பால் அளந்து, முன்னால் நிற்பது எதுவோ அதற்கு டிலே கொடுங்கள். நம் ஊர் வெயிலில், 33 டிகிரியில், ஒலி நொடிக்கு சுமார் 351 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு 2.85 மில்லிசெகண்ட். மடிப்பு ஹார்ன் சப்பாக இருந்தால் பாக்ஸுக்குள் ஒலி ஓடும் தூரத்தையும் சேர்க்க வேண்டும். 2 மீட்டர் மடிப்பு என்றால் டாப்புக்கு 5.7 மில்லிசெகண்ட். பிறகு நுணுக்கத் திருத்தம்: 90 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, 10, 15 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் சத்தம் அளக்கும் மீட்டர் ஆப் உள்ள போனை வைத்து, சப் தனியாகவும் டாப் தனியாகவும் ஒரே அளவு காட்டும்படி கொண்டுவாருங்கள். டாப்பின் போலாரிட்டியைத் திருப்பி, டிலேயை 0.2, 0.2 ஆக நகர்த்துங்கள். அளவு எங்கே ஆழமாக விழுகிறதோ அங்கே நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி ஆக்குங்கள். 90 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 11 மில்லிசெகண்ட் என்பதால் டேப் சொன்ன எண்ணிலிருந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் விலகினால் தவறான சுற்றில் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். மீட்டர் ஆப்பில் ஏ வெயிட்டிங் வேண்டாம், அது பேஸைக் குறைத்துக் காட்டும்; சி அல்லது இசட் வையுங்கள்.

சன்னதித் தெருவில் 40 மீட்டர் தள்ளி இரண்டாவது ஜோடி வைத்தால், 40 × 2.85 = 114 மில்லிசெகண்ட். அதன் மேல் 10, 12 கூட்டுங்கள். மேடைச் சத்தம் ஒரு கணம் முந்தி வந்தால் காது மேடையிலிருந்தே கேட்பதாக எடுத்துக்கொள்ளும். அந்த ஜோடிக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பேஸ் மேடையிலிருந்தே தாராளமாக வரும். இரவில் குளிர்ந்தால் இந்தத் தூரத்துக்கு ஒரு மில்லிசெகண்ட்தான் மாறும், தொட வேண்டாம். தேரோடும் வீதி நான்கிலும் மூலைக்கு மூலை கட்டும்போது மட்டும் இந்தக் கணக்கு உதவாது. ஒரே திசையைப் பார்க்கும் பாக்ஸ்களுக்குத்தான் டிலே பொருந்தும். எதிரெதிராகக் கட்டியதற்குச் சத்தத்தைக் குறைப்பதே வழி.

ஈக்யூ கடைசி. கீற்றுப் பந்தல் மேல்நாதத்தைக் கொஞ்சம் விழுங்கும், பெரிதாகத் தொல்லை தராது. தகரக் கொட்டகையில் 2, 3 கிலோஹெர்ட்ஸ் காதைக் குத்தும். கல்யாண மண்டபம்தான் மோசம்: டைல்ஸ் தரை, வெறும் சுவர், 125 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கும்மென்று நின்றுவிடும். அங்கே இன்புட் ஈக்யூவில் அகலமாக 3 முதல் 6 டெசிபெல் வெட்டுங்கள், பேச்சு தெளியும். ஏற்றுவது அநேகமாகத் தேவைப்படாது. காலி மண்டபத்தில் வைத்ததை ஜனம் நிறைந்தபின் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும். ஆட்டோ ஈக்யூ வசதியைக் காலி மண்டபத்தில் ஓட்டி அப்படியே விடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

நாதஸ்வரம் குத்துகிறது என்று சிஸ்டம் ஈக்யூவில் கை வைக்காதீர்கள். அன்று மாலைப் பட்டிமன்றத்தில் பேச்சாளர் குரல் கம்பளிக்குள் இருந்து வரும். மைக்கை அரை மீட்டர் தள்ளி வையுங்கள், அல்லது அந்தச் சேனலில் மட்டும் குறையுங்கள். மைக் ஊளையும் (ஃபீட்பேக்) அப்படித்தான், மானிட்டர் பக்கமும் மைக் பக்கமும் தீர்க்க வேண்டியது. பிராசஸரில் இருக்கும் ஃபீட்பேக் ஒழிப்பான் கர்நாடகக் கச்சேரிக்கு எதிரி. விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியையும், நீட்டிப் பிடிக்கும் சட்ஜத்தையும் ஊளை என்று நினைத்துச் சரியாக அந்த இடத்தில் பள்ளம் தோண்டும். திருவையாறு ஆராதனை மாதிரியான மேடையில் இதை அணைத்தே வையுங்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாக அனுமதிக்கும் சில நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை. மற்ற நேரத்திலும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான வரம்புக்கு மேல் 10 டெசிபெல், அல்லது 75 டெசிபெல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. போலீஸ் சொன்ன அளவைப் பிடித்து வைக்க இன்புட் லிமிட்டர் இருக்கிறது. அவுட்புட் லிமிட்டர்களைக் குறைத்து அதைச் செய்தால் மிட் மட்டும் அமுங்கி, ஹார்ன் தனியாகக் கத்தும்.

50, 100 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் முதலில் மிக்சரும் பிராசஸரும் ஆம்பும் ஒரே எர்த்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கி ஹம்மை நிறுத்துகிற பழக்கம் மைக்கைப் பிடிப்பவர் உயிருக்கு ஆபத்து. பிராசஸரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளில் 1ஆம் பின்னை ஒரு முனையில் மட்டும் விடுவிக்கலாம், அல்லது நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். வேளாங்கண்ணி, நாகூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக் காற்று. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மங்கினால் மெனுவைத் திறப்பதற்கு முன் எக்ஸ்எல்ஆர் பின்களைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு முறை சொருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சீசன் முடிந்து ரேக்கை மூடும்போது உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு வையுங்கள்.